நூறு மனித ஆண்டுகள்

ஃபெலிசிட்டி ஃபார்சியரின் பட்டறைக் கதவு திறக்க ஒரு டன் மெட்டா-அலாய் கொண்டுபோக வேண்டும். பட்டறை இருப்பது டெசியாட் என்ற விண்மீன் அமைப்பில். மெட்டா-அலாய் விற்பது மாயாவில். மாயா, கார்த்திகைக் கூட்டத்து விண்மீன். முருகனுக்குப் பாலூட்டிய பெண்களில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளலாம். சூரியனிலிருந்து ஏறத்தாழ 400 ஒளியாண்டு தாண்டி அங்கே போய், டார்னியல்ஸ் பிராக்ரஸ் என்ற நிலையத்துச் சந்தையில் ஒரு டன் வாங்கி, வழியில் கொள்ளைக்காரர்களிடம் சிக்காமல் டெசியாட் வந்து சேர்ந்தால், அம்மையார் நம் கப்பலின் தாவல் எஞ்சினில் கைவைப்பார். ஐந்து படிகள். ஐந்தாவது படி முடிந்ததும் ஒரே தாவலில் கடக்கும் தூரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும்.

எலைட் டேஞ்சரஸ் என்ற விளையாட்டில் இப்படிப்பட்ட ‘எஞ்சினியர்’கள் ஒரு கூட்டமே உண்டு. ஆளுக்கொரு கைவேலை, ஆளுக்கொரு தட்சிணை. லிஸ் ரைடருக்கு 200 கண்ணிவெடி. டாட் மெக்வின்னுக்கு ஒரு லட்சம் மதிப்புள்ள கொள்ளைக்காரர் வேட்டைச் சீட்டு. எல்விரா மார்ட்டூக்குக்கு மூன்று சூன்டில் புராதனப் பொருட்கள். அதற்கு முன் தொடங்கிய இடத்திலிருந்து 300 ஒளியாண்டு போய்வந்தவராகவும் இருக்க வேண்டும். மார்ட்டூக்கின் நம்பிக்கையைச் சம்பாதித்தால்தான் மார்க்கோ க்வென்ட் என்றொருவர் இருப்பதே தெரியவரும். க்வென்ட் மனம் வைத்தால் பேராசிரியர் பாலின். வர்ம ஆசான்களின் ஊர்க்காரனுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகப் படவில்லை. கல்குளம், விளவங்கோடு பக்கம் பழைய ஆசான்மார் 108 வர்மத்தையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்துவிடுவதில்லை என்பார்கள். வந்தவன் எத்தனை காலம் நிற்கிறான், எதற்கு நிற்கிறான் என்று பார்த்துத்தான் அடுத்த இடத்தைத் தொட்டுக் காட்டுவது.

விளையாட்டின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். 1984-ல் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பி.பி.சி. மைக்ரோ கணினிக்காக எலைட்டை எழுதினார்கள். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். முப்பது ஆண்டு கழித்து, 2014 டிசம்பரில், பிராபெனின் ஃபிரான்டியர் நிறுவனம் நம் பால்வீதியையே முழு அளவில் திறந்துவிட்டது. 40,000 கோடி விண்மீன் அமைப்புகள். எஞ்சினியர்கள் வந்து சேர்ந்தது 2016 மே மாதத்தில்.

என் அக்காள் மகன் இதில் கரை கண்டவன். நான் ஒரு பழைய கப்பலை வைத்துக்கொண்டு வளையமுள்ள கோள்களாகப் பார்த்துப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்ததைக் கண்டு அவனுக்குப் பொறுக்கவில்லை.

“மாமா, நீங்க சும்மா ஊரு சுத்திட்டுக் கெடக்கிய. இப்பிடிப் போனா அடுத்த கொடைக்குக்கூட ஃபார்சியரத் தொறக்க மாட்டிய. லிஸ்டு அனுப்புகேன், அதுபடி போங்க.”

அனுப்பினான். அந்த லிஸ்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தவசிப்பிள்ளை கல்யாண வீட்டுக்கு எழுதித் தரும் சாமான் லிஸ்டைப் போல, ஒரு சொல் கூடுதல் கிடையாது. எந்தச் சரக்கை எந்த நிலையத்தில் வாங்குவது, எந்தப் பயணத்தில் எந்த இரண்டு வேலையைச் சேர்த்து முடிப்பது, யாரை முதலில் திறந்தால் அடுத்தவர்கள் தானாக வரிசையில் வருவார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. மாயாவுக்குப் போய்த் திரும்பும் தூரமே மார்ட்டூக் கேட்கும் 300 ஒளியாண்டுக் கணக்கையும் தீர்த்துவிடும். தனியாக ஒரு பயணம் வேண்டாம். ஊர் பேர் தெரியாத ஆட்கள் உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து, பல இரவுகள் கெட்டு, கண்டுபிடித்துச் சொன்னவற்றின் சாறு அது. யாரும் காசு வாங்கவில்லை. இந்த ஈகையைப் பார்த்தபின் குறுக்குவழிக்காரர்கள் என்று அவர்களைப் பழிக்க எனக்கு நா எழவில்லை.

ஆனால் லிஸ்டுபடி போகும்போது பால்வீதிக்கு ஒன்று நேர்கிறது. தாவல் எஞ்சினின் ஐந்தாம் படிக்கு ஆர்செனிக் வேண்டும், ஒரு வகை ரசாயனப் பொருள் வேண்டும், கூடவே தாவிச் செல்லும் கப்பல்கள் விட்டுப்போகும் தடத்திலிருந்து உறிஞ்சிய அபூர்வமான ஒரு தரவு வேண்டும். இந்தத் தரவு எங்கே சீக்கிரம் கிடைக்கும்? பஞ்சம் வந்த அமைப்புகளில். அங்கே உணவு விநியோக மையங்கள் இருக்கும். கப்பல்கள் வருவதும் தாவுவதுமாக இருக்கும். ஓரமாக நின்று தடங்களை ஸ்கேன் செய்தால் போதும். நானும் நின்றேன். ஒரு மூட்டை தானியம்கூடக் கொண்டுபோகாமல் பஞ்சக் கூடத்தின் வாசலில் நின்று, வந்து போகிறவர்களின் தடத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அது வெறும் நிரல்தான், பசித்தவர் யாரும் அங்கே இல்லை என்று தெரியும். இருந்தாலும், பஞ்சம் எங்கே என்று நான் தேடிப்போனது தெரிந்துதான் இருந்தது.

டேவ்ஸ் ஹோப் இன்னும் விசேஷம். ஆளில்லாத ஒரு குடியிருப்பு. சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தால் உலோகத் துண்டுகளும் கருவிச் சிதறல்களும் பொறுக்கலாம். சுற்று முடிந்ததும் விளையாட்டிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வந்தால், பொறுக்கியதெல்லாம் பழைய இடத்தில் புதிதாகக் கிடக்கும். மறுபடி ஒரு சுற்று. பல ஆண்டுகள் உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் அந்த முற்றத்தில் இப்படித்தான் வட்டமடித்தார்கள். 40,000 கோடி விண்மீன்களைக் கையில் கொடுத்த விளையாட்டில், அதிகம் மிதிபட்ட மண் ஒரு பாழடைந்த முற்றத்தில் சில நூறு அடி. தாவும் தூரத்தைக் கூட்டுவதற்காக, தாவுவதையே நிறுத்திவிட்டு உருண்டுகொண்டிருந்தார்கள்.

விளையாட்டை எழுதியவர்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு மேம்பாடும் சூதாட்டமாக இருந்தது. சேர்த்த பொருளையெல்லாம் கொடுத்து எஞ்சினியரிடம் கேட்டால், இருந்ததைவிட மோசமான எஞ்சின் வந்து சேரவும் வாய்ப்புண்டு. 2018-ல் அதை மாற்றினார்கள்: ஒவ்வொரு முயற்சியும் முன்னதைவிடக் கொஞ்சமாவது மேலாகவே அமையும். பொருள் மாற்றிக்கொடுக்கும் வியாபாரிகளையும் கொண்டுவந்தார்கள். கீழ்ப்படிச் சரக்கு ஆறு கொடுத்தால் மேற்படிச் சரக்கு ஒன்று; மேற்படி ஒன்றைக் கொடுத்தால் கீழ்ப்படி மூன்று. கோட்டாறு மொத்த வியாபாரிகள் இதைப் பார்த்தால் அந்த இடைவெளியின் லாபத்தை மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவார்கள். 2024-ல் கேட்கும் பொருட்களின் அளவையும் குறைத்தார்கள். அதே ஆண்டில், மேம்பாடு செய்த பாகங்களோடு தயார் நிலைக் கப்பல்களை நிஜக் காசுக்கு விற்கவும் தொடங்கினார்கள். முதலில் பூட்டு, பிறகு இளகிய பூட்டு, கடைசியில் சாவியே கடையில்.

லிஸ்டு என்பது எப்போது சாத்தியம்? கேட்கப்படும் விலை முன்பே எங்கோ எழுதிவைக்கப்பட்டிருக்கும்போது. ஃபார்சியர் ஒரு டன்தான் கேட்பார். எனக்கும் அதே, கனடாவில் இருப்பவனுக்கும் அதே, இன்றும் அதே, நாளையும் அதே. முதல் ஆள் தட்டுத்தடுமாறிக் கண்டதை இரண்டாம் ஆள் நேராகப் போய் வாங்கிக்கொள்ளலாம். சிக்கனம் இரண்டாம் ஆளின் வசதி. முதல் ஆளுக்கு அது கிடையாது.

விலை எழுதப்படாத பட்டறை ஒன்றின் வாசலில் நின்ற கதை எங்கள் ஊரோடு சம்பந்தப்பட்டது. 1974-ல் பிரான்ஸின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கே, வெர்னான் என்ற ஊரில், ஏரியான் ராக்கெட்டுக்காக வைக்கிங் என்ற திரவ எரிபொருள் எஞ்சின் உருவாகிக்கொண்டிருந்தது. அந்தத் தொழில்நுட்பம் இந்தியாவுக்கு வேண்டும். கைமாறாக இந்தியா கொடுப்பதாக ஏற்றுக்கொண்டது 100 மனித ஆண்டு உழைப்பு. இருபது பேர் ஐந்து ஆண்டு, அல்லது நாற்பது பேர் இரண்டரை ஆண்டு, எப்படி வேண்டுமானாலும் வகுத்துக்கொள்ளலாம். நம் பொறியாளர்கள் பிரெஞ்சுக்காரர்களின் பட்டறையில், பிரெஞ்சுக்காரர்களின் எஞ்சினுக்காக வேலை செய்வார்கள். வேலை செய்யும்போது கற்றுக்கொள்வது அவர்கள் பாடு.

அந்தக் குழுவை வழிநடத்தியவர் நம்பி நாராயணன். 1941-ல் நாகர்கோவிலில் பிறந்தவர், இங்கே டி.வி.டி. பள்ளியில் படித்தவர்.

வரைபடத்தை வாங்கிக்கொண்டு வந்தால் போதாதா, எதற்கு நூறு ஆண்டு என்று கேட்கத் தோன்றும். 1980 மே 23 அன்று ஏரியானின் இரண்டாவது பயணத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். முந்தைய டிசம்பரில் முதல் ராக்கெட் ஒழுங்காகப் போய்விட்டது. இரண்டாவதில் முதல் கட்டத்து எஞ்சின் ஒன்றின் எரியறையில் எரிதல் நிலைகுலைந்தது, ராக்கெட் போயிற்று. வரைந்தவர்கள், செய்தவர்கள், பலமுறை எரித்துப் பார்த்தவர்கள், எல்லாரும் பிரெஞ்சுக்காரர்கள்தான். அவர்களுக்கே அந்த எஞ்சின் முழுதாகப் பிடிபட்டிருக்கவில்லை. எரிபொருள் தெளிக்கும் துளைகளின் அமைப்பில் இருக்கும் நுட்பம் காகிதத்தில் கோடாக வந்துவிடும். ஏன் அப்படி, வேறு மாதிரி வைத்தால் என்ன ஆகும் என்பது கோட்டில் வராது. அது பட்டறையில் நின்றவர்களின் பேச்சிலும் எரிச்சலிலும் சோதனை முடிந்த மறுநாள் காலையிலும்தான் இருக்கும். 100 மனித ஆண்டு கொடுத்து இந்தியா வாங்கியது அந்த மறுநாள் காலைகளை.

1985-ல் இந்தியா செய்த எஞ்சின் வெற்றிகரமாக எரிந்தது. விகாஸ் என்று பெயர். 1994 அக்டோபர் 15 அன்று பி.எஸ்.எல்.வி. முதன்முறையாகச் செயற்கைக்கோளை அதன் பாதையில் சேர்த்தபோது இரண்டாம் கட்டத்தில் இருந்தது விகாஸ்தான். அடுத்த மாதம் 30-ஆம் தேதி நம்பி நாராயணனைக் கேரள போலீஸ் கைது செய்தது.

அந்த வழக்கை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். அவமானம், சித்திரவதை, குடும்பம் பட்ட பாடு பற்றியெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது. 2022-ல் சினிமாவும் வந்துவிட்டது. எனக்கு ஆச்சரியம் குற்றச்சாட்டின் அடியில் கிடந்த நம்பிக்கைதான். கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் இயங்கும் கிரயோஜெனிக் எஞ்சினின் ரகசியங்களை வெளிநாட்டுக்கு விற்றார் என்றார்கள். அன்று இந்தியாவிடம் அப்படி ஓர் எஞ்சினே இல்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். சில காகிதங்களைக் கைமாற்றினால் எஞ்சின் கைமாறிவிடும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது, படித்தவர்களும் நம்பியிருக்கிறார்கள். ஒரு டன் சரக்கைக் கொடு, கதவு திறக்கும். வெர்னானில் அத்தனை ஆண்டு எதற்காக நின்றார்கள் என்று அவர்களில் ஒருவர் கேட்டிருந்தாலே வழக்கு அங்கேயே தள்ளாடியிருக்கும். சி.பி.ஐ. 1996-ல் குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 14 அன்று, கைதே தேவையற்றது என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கைதிலிருந்து அதுவரை கழிந்தது ஏறத்தாழக் கால் நூற்றாண்டு.

கிரயோஜெனிக் கதையில் கதவு திறக்கவேயில்லை. 1991-ல் சோவியத்தின் கிளாவ்காஸ்மாஸ் அமைப்போடு ஒப்பந்தம் ஆயிற்று. எஞ்சினும் தருவார்கள், செய்யும் வித்தையும் தருவார்கள். 1992 மே மாதம் அமெரிக்கா இரு தரப்பின் மீதும் தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா வித்தையைத் தர மறுத்துவிட்டு, தயார் நிலையில் ஏழு எஞ்சின் கட்டங்களை மட்டும் தர ஒப்புக்கொண்டது. கடையில் வாங்கிய கப்பல்தான். பறக்கும், ஆனால் பழுதானால் உள்ளே கைவிட நமக்குத் தெரியாது.

மிச்சக் கதை நடந்தது மகேந்திரகிரியில். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே காவல்கிணறு போனால் இடப்பக்கம் தெரிகிற மலை. உயரம் 1,600 மீட்டருக்கு மேல். மலையின் மேற்கு முகம் எங்கள் மாவட்டத்தைப் பார்த்தபடி. கிழக்கு அடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்ட எல்லைக்குள், இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். அனுமன் இலங்கைக்குத் தாவியது மகேந்திர மலையிலிருந்து என்பது இராமாயணம். அந்த மலை இதுதான் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் உறுதி. இஸ்ரோ இடம் பார்த்தபோது இதையும் கணக்கில் எடுத்தது என்று ஒரு பெரியவர் டீக்கடையில் அடித்துச் சொன்னதை நான் மறுக்கவில்லை. மறுத்து என்ன ஆகப்போகிறது.

கிரயோஜெனிக் எஞ்சினுக்குள் போகும் ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் திரவமாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் மைனஸ் 183-ல். இரண்டும் சந்தித்து எரிகிற அறையில் வெப்பம் ஆயிரக்கணக்கான டிகிரி. இந்தக் குளிருக்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவே சில அடி தூரம், அதில் சுழலும் பம்புகள். 2007 நவம்பர் 15 அன்று மகேந்திரகிரியில் உள்நாட்டுக் கிரயோஜெனிக் கட்டம் 720 விநாடி நின்று எரிந்தது. தரையில் எல்லாம் சரி. 2010 ஏப்ரல் 15, முதல் பயணம்: எரிபொருளை ஊட்டும் சிறு டர்போ பம்ப் நின்றுபோய், ராக்கெட் கடலில் விழுந்தது. 2013 ஆகஸ்ட் 19, இரண்டாம் முயற்சி: புறப்பட ஒன்றே கால் மணி நேரம் இருக்கையில் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு, நிறுத்திவிட்டார்கள். 2014 ஜனவரி 5 அன்றுதான் ஜி.எஸ்.எல்.வி. டி-5 சரியாகப் போயிற்று. நாகர்கோவில் சரக்கல்விளை விவசாயி மகன் கே.சிவன் அப்போது ஜி.எஸ்.எல்.வி. திட்ட இயக்குநர். அடுத்த தலைமுறைக் கிரயோஜெனிக் கட்டமான சி-25 திட்டத்தை நடத்திய வி.நாராயணனும் இந்த மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். இருவரும் பிறகு இஸ்ரோவின் தலைவர்களானதால் ஊரில் பிளெக்ஸ் வைத்தார்கள். பம்ப் நின்றுபோனதற்கு யாரும் பிளெக்ஸ் வைக்கவில்லை, கற்றதென்னவோ அதில்தான்.

மேம்பாடு என்ற சொல் இங்கே எவ்வளவு சின்ன அளவில் வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விகாஸ் எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டி 2018 மார்ச்சில் பறக்கவிட்டார்கள். கூடியது ஏறத்தாழ 6 சதவீதம். 1985-ல் முதலில் எரிந்த எஞ்சின் அது. ஃபார்சியர் ஒரு ராத்திரியில் ஐம்பது சதவீதம் கூட்டித் தருகிறார்.

சிக்கனத்துக்கு எதிரான இன்னொரு கணக்கும் உண்டு. ககன்யானில் மனிதரை ஏற்றுவதற்குத் தகுதி காட்ட சி.இ-20 கிரயோஜெனிக் எஞ்சின்கள் குறைந்தது 6,350 விநாடி எரிந்து காட்ட வேண்டும் என்பது விதி. 2024 பிப்ரவரியில் சோதனைகள் முடிந்தபோது நான்கு எஞ்சின்கள், 39 முறை, மொத்தம் 8,810 விநாடி எரிந்திருந்தன. லிஸ்டு போடுகிறவன் 6,350-ல் நிறுத்தியிருப்பான். எங்கள் மருந்துவாழ்மலையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: எது சஞ்சீவி என்று தெரியாமல் அனுமன் மலையையே பெயர்த்துக்கொண்டு போனபோது சிந்திய துண்டு அது என்று. வேண்டிய மூலிகை எதுவென்று தெரியாதவனுக்கு வேறு வழியில்லை. தெரிந்திருந்தால் ஒரு கொத்துப் பறித்துக்கொண்டு போயிருப்பான், எங்களுக்கு மலை கிடைத்திருக்காது.

இதையெல்லாம் அக்காள் மகனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சொன்னேன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். பொறுமையாகக் கேட்டான்.

“நீங்க சொல்லுகது சரிதான் மாமா. ஆனா எனக்கு வாரத்துல இந்த ஒரு மத்தியானந்தான். ஒர்க்‌ஷாப்புல ஒரு லேத்த எட்டு மாசமாத் தொட விடல்ல, தூத்துத் தொடச்சி நிக்கச் சொன்னாவ, நின்னேன். இங்கயுமா நிக்கணும்?”

நியாயமான கேள்வி. நிற்க நேரம் உள்ளவன் நிற்பதன் மேன்மையைப் பேசுவது சுலபம். இந்தியாவும்கூடக் கிரயோஜெனிக்குக்காக நின்ற ஆண்டுகளிலெல்லாம் கனமான செயற்கைக்கோள்களை அனுப்ப ஏரியானுக்கு வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. காத்திருப்பு இலவசமாக வருவதில்லை. லேத்தின் பக்கம் நின்ற எட்டு மாதத்தில் அவனுக்கு என்ன பிடிபட்டது என்று கேட்டேன். இரும்பு வெட்டுப்படும் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டதைச் சொல்லிவிடுவானாம். மேஸ்திரி சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. அதை அவன் ஒரு மேம்பாடாக நினைக்கவேயில்லை.

பேச்சு பாலின் பக்கம் திரும்பியது. பேராசிரியர் பாலினைப் பார்க்க, தொடங்கிய இடத்திலிருந்து 5,000 ஒளியாண்டு போயிருக்க வேண்டும். எதையும் வாங்கிக் கொடுத்து இதைத் தாண்ட முடியாது. லிஸ்டும் ‘போய்விட்டு வா’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. போனாயா என்றேன். போனானாம்.

“என்ன பாத்தே?”

“ஒரு படம் பாத்தேன் மாமா. பக்கத்துல போன வச்சிட்டு, இங்க பட்டன அமுக்கிட்டே இருந்தேன். படம் முடியதுக்கும் ஐயாயிரம் ஆவதுக்கும் சரியா இருந்திச்சி.”

“பாலின் என்ன கேட்டாரு?”

“இருபத்தஞ்சு சென்சார் துண்டு. அத முன்னமே சேத்து வச்சாச்சு.”